பின்வரிசை எழுந்து நின்றது

கமுதிப் பக்கத்துச் சோலைமுத்து ஒன்பது வருஷமாக வளைகுடாவில், ஜெபல் அலி தொழிலாளர் கேம்ப்பில் இருக்கிறான். சைட்டில் கம்பி கட்டுகிற வேலை. நாடகம் பார்க்கவேண்டும் என்று அவன் யாரிடமும் கேட்கவில்லை.

தொழிலாளியின் துயரத்தைச் சொல்லும் பழைய நவீன நாடகம் ஒன்றைத் தமிழ்ச் சங்கத்தார் வளைகுடாவுக்கு ஏற்றபடி மாற்றி மறுபடி மேடையேற்றினார்கள். காலி நாற்காலிகள் கண்ணை உறுத்தவே, டூட்டி முடிந்து வந்தவர்களை அப்படியே பஸ்ஸில் ஏற்றிவந்து பின்வரிசையை நிரப்பினார்கள்.

ஏசிக் குளிரில் உட்கார்ந்ததுமே சோலைமுத்து தூங்கிப்போனான். பக்கத்தில் இருந்தவர்களும் அப்படித்தான்.

மேடையில் போர்மேனாக நடித்தவர் தொண்டை கிழியக் கத்தினார். "யல்லா! டூட்டிக்கு டைமாச்சு, எந்திரிங்கடா!"

கண்ணைத் திறக்கும் முன்பே சோலைமுத்து எழுந்து நின்றுவிட்டான். அவனோடு பின்வரிசை மொத்தமும் எழுந்தது. சிலர் இருட்டில் காலால் பூட்ஸைத் தேடினார்கள்.

முன்னால் இருந்த குடும்பங்கள் திரும்பிப் பார்த்தன. இதுவும் நாடகத்தில் ஒரு காட்சி என்று நினைத்துக் கைதட்டித் தீர்த்தன. ஒரு அம்மாள் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள்.

நாடகம் முடிந்ததும் இயக்குநர் ஓடிவந்து சோலைமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அசத்திட்டீங்கண்ணே! நாளைக்கும் ஷோ இருக்கு. வந்து இதே மாதிரி எந்திரிங்க."

"வர்றேன் சார். அந்தாளை மட்டும் கொஞ்சம் லேட்டாக் கத்தச் சொல்லுங்க," என்றான் சோலைமுத்து.