நாங்கள் மறைத்த நோய்

என் அக்காவுக்கு நெஞ்சு படபடக்க ஆரம்பித்தபோது அவளுக்கு வயது இருபத்து மூன்று. எழுபதுகளின் நடுவில், கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருவரும் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தோம். நான் அவளுக்கு இரண்டு வயது இளையவள். சரிவில் பாதி ஏறியதும் கூடையை இறக்கிவிட்டுச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிடுவாள். முதுகில் கை வைத்தால் சுவெட்டரைத் தாண்டி அந்தத் துடிப்பு என் உள்ளங்கையில் இடிக்கும். அந்தக் குளிரிலும் அவள் மேலுதடு வியர்த்திருக்கும். கங்காணி சத்தம் போடுவதற்குள் எழுந்துவிடுவாள்.

தோட்டத்து மருந்தகத்தில் மருந்து கொடுக்கும் டிரசரிடம் காட்டினோம். எங்களுக்கு எந்த வைத்தியமானாலும் அவர்தான். நாடியைப் பிடித்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், வாயுவுக்கு ஒரு மருந்து ஊற்றிக் கொடுத்தார். ரத்தக் கொதிப்பு பார்க்கும் கருவி அவர் மேசைமேலேயே இருந்தது. அதைக் கட்டிப் பார்க்கலாமா என்று நான் கேட்டதற்கு, அது கிழவர்களுக்கு வருகிற நோய் என்று சிரித்தார். கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் அம்மாவிடம் சொல்லி அனுப்பினார்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு காலை, முகம் கழுவிக்கொண்டிருந்தவளுக்கு மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. என்ன செய்தும் நிற்கவில்லை. அப்பா தோட்டத் துரையிடம் கெஞ்சி ஜீப் வாங்கி, அவளைத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நானும் போனேன். அங்கே நர்ஸாக இருந்த மலாய்க்கார மிஸ்ஸி ஒருத்தி அக்காவின் கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்தாள். கருவி கெட்டுவிட்டதென்று நினைத்தாள் போலிருக்கிறது, வேறொன்றை எடுத்து வந்து மறு கையில் கட்டினாள். பிறகு டாக்டரைக் கூப்பிட ஓடினாள். டாக்டர் சின்ன வயசுக்காரர், சீனர். ரத்தக் கொதிப்பு மிக அதிகம், இதயம் பெருத்திருக்கிறது, மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது, உப்பும் கருவாடும் ஆகாது என்று அப்பாவிடம் மலாயில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எத்தனை நாளைக்கு என்று அப்பா கேட்டார். சாகும்வரைக்கும் என்றார் அவர்.

ஒரு வருடம் ஒழுங்காகச் சாப்பிட்டாள். தினம் இரண்டு மாத்திரை. அதில் ஒன்று நீர் பிரிய வைப்பது. மலைச்சரிவில் பெண்கள் ஒதுங்க இடம் ஏது? அவள் அடிக்கடி மறைவு தேடிப் போவதைப் பார்த்துக் கூட வேலை செய்தவர்கள் கேலி பேசினார்கள். அதையும் பொறுத்துக்கொண்டாள். மூச்சு வாங்குவது குறைந்தது. முகத்தில் பழைய களை திரும்பியது.

அப்போதுதான் கம்போங் ராஜாவிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். தக்காளியும் கோசும் பயிரிடும் குடும்பம். மாப்பிள்ளை, பிறகு நான் மாமா என்று கூப்பிட்டவர், அதிகம் பேசாதவர், நல்லவர். அக்காவுக்குப் பிடித்துப்போயிற்று. நோயைப் பற்றி யாரும் மூச்சு விடக் கூடாது என்றாள் அம்மா. நிச்சயத்துக்கு முதல் நாள், துணி மடித்துக்கொண்டிருந்தபோது அக்கா என்னிடம் கேட்டாள்.

"அவர்கிட்ட நானே சொல்லிடலாம்னு பாக்குறேன். நீ என்ன சொல்றே?"

எனக்கும் அப்போது ஓர் இடம் பேசியிருந்தார்கள். தேயிலை ஆலையில் வேலை செய்தவர். எனக்கு அவர்மேல் ஆசை. அக்கா கல்யாணம் நின்றால் என் கல்யாணமும் நிற்கும். காரணம் வெளியே தெரிந்தால் எங்கள் வீட்டில் யாரும் பெண்ணே எடுக்க மாட்டார்கள். எனக்கு யோசிக்க நேரம் பிடிக்கவில்லை.

"வேணாம்க்கா. இப்ப நல்லாத்தானே இருக்கே," என்றேன்.

கல்யாணம் ஆன புதிதில் மாதம் ஒருமுறை அம்மாவைப் பார்க்கிற சாக்கில் வந்து, என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்து மாத்திரை வாங்கிப் போனாள். பவுடர் டப்பாவுக்குள் ஒளித்து வைத்துச் சாப்பிட்டாள். மருமகள் ஏன் ஓயாமல் வெளியே போகிறாள் என்று மாமியார் கேட்க ஆரம்பித்ததும் நீர் மாத்திரையை முதலில் நிறுத்தினாள். அறுவடை நேரத்தில் வீட்டுக்கு வர முடியாமல் போனது. மற்றதும் நின்றது.

பார்த்து வர நான் போனேன். கணுக்கால் வீங்கியிருந்தது. கண்ணுக்குக் கீழே ஊதியிருந்தது. மாமியார் என்னிடமே அவளைச் சோம்பேறி என்றார். காய்கறித் தோட்டத்தில் நாங்கள் தனியாக இருந்தபோது அக்கா சொன்னாள்.

"படுத்தா மூச்சு முட்டுது. சுவத்துல சாஞ்சாத்தான் கண்ணு மூட முடியுது."

"மாமாகிட்ட சொல்லிடுவோம்லா," என்றேன்.

"இத்தனை நாள் மறைச்சிட்டு இப்ப எப்படிச் சொல்றது? உன் கல்யாணம் முடியட்டும்."

நான் வற்புறுத்தவில்லை. காய்கறி லோரியில் ஏறி வந்துவிட்டேன். அவருக்கு நானே சொல்லியிருக்கலாம். நான் லோரி ஏறும்போது மாமா இருபதடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார்.

மூன்று வாரத்தில் செய்தி வந்தது. காலையில் தக்காளியைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். மாமா லோரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்திருக்கிறார். பாதி வழியில், பிரிஞ்சாங் வருவதற்குள் உயிர் போய்விட்டது. இருபத்தைந்து வயது.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு மாமா என்னிடம் வந்தார். கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் நிதானமாக இருந்தது.

"அவளுக்கு முன்னாடியே ஏதாச்சும் இருந்துச்சாம்மா?"

அம்மா வாசலிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல மாமா."

தலையை ஆட்டினார். "அப்ப நான்தான். வேலை வாங்கியே கொன்னுட்டேன்."

அதையும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அடுத்த வருடம் ஆலைக்காரரோடு எனக்குக் கல்யாணம் ஆயிற்று. எண்பதுகளின் தொடக்கத்தில், இருபத்தெட்டு வயதில், பின்மண்டை வலி தாங்காமல் நானும் அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். எனக்கும் ரத்தக் கொதிப்பு. குடும்பத்தில் வேறு யாருக்கு இருந்தது என்று டாக்டர் கேட்டபோது என் கணவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அக்காவுக்கு என்றேன். பஸ்ஸில் வரும்போது அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "என்னைக் கட்டுறப்பவே உனக்குத் தெரியுமா?" அவளுக்கு இருந்தது தெரியும் என்றேன். அதன் பிறகு பல நாள் என்னோடு பேசவில்லை. இன்றுவரை பழையபடி பேசுவதும் இல்லை.

மாமா மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒருமுறை பிரிஞ்சாங் மார்க்கெட்டில் அவரைப் பார்த்தேன். நாற்பது வயதுகூட ஆகாத மனிதர், தலை முழுக்க நரைத்திருந்தது. கோசு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வந்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று என்னை விசாரித்தார். கைப்பையில் மாத்திரையை வைத்துக்கொண்டே, நன்றாக இருக்கிறேன் என்றேன். பிள்ளைகளுக்கு என்று இரண்டு கோசைத் தேடி எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன்.