வஜீர் என்றால் மந்திரிதானே!

மூன்று வருடங்களுக்கு முன், புனேயில் கோந்த்வா பக்கம் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்த சதுரங்கப் போட்டி அது. திருநெல்வேலியிலிருந்து வேலைக்காகப் புனே வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. இந்தியே தட்டுத் தடுமாறித்தான் வரும். ஆனால் சதுரங்கத்தில் நான் கொஞ்சம் பெரிய கை. ரேட்டிங் உண்டு, அதற்கேற்ற கர்வமும் உண்டு.

முதல் சுற்றில் எதிரே உட்கார்ந்தவர் நாற்பது வயது மதிக்கத்தக்க மராத்திப் பெண்மணி. அவருக்கு இதுதான் முதல் போட்டி. அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போகலாம் என்று நினைத்தேன். ஆட்டமும் என் பக்கம்தான் சாய்ந்தது.

அப்போது அவர் ஒரு சிப்பாயை முன்னே தள்ளினார். அது என் மந்திரியை, அதாவது பிஷப்பை, வெட்டத் தயாராக நின்றது. கூடவே மெல்லிய குரலில், "தாதா, வஜீர் சாம்பாளா" என்றார். தாதா என்றால் அண்ணன், சாம்பாளா என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த அளவு மராத்தி எனக்குத் தெரியும். வஜீர் என்றால் மந்திரிதானே? எனக்கே பாடமா என்ற எரிச்சலோடு மந்திரியை நகர்த்தினேன். அவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு சிப்பாய் விலகித் திறந்திருந்த வழியில் தன் மந்திரியை ஓட்டிவந்து என் ராணியை வெட்டினார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டு, இவர் பேசி என் கவனத்தைக் கலைத்துவிட்டார் என்று புகார் சொன்னேன். என்ன பேசினார் என்று நடுவர் கேட்டார். சொன்னேன். நடுவர் சிரித்துக்கொண்டே, வெட்டுப்பட்ட என் ராணியை எடுத்துக் காட்டினார். இந்த ஊரில் வஜீர் என்றால் அதுதானாம்! பேசியது விதிப்படி தவறு, எச்சரிக்கை கொடுக்கட்டுமா என்றும் கேட்டார். அந்த அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. பதறிப்போய் வேண்டாம் என்றேன்.

தோற்றேன். கைகுலுக்கும்போது மன்னிப்புக் கேட்டது அவர்தான். அவர்கள் வீட்டில் ராணிக்கு ஆபத்து என்றால் சொல்லிவிட்டுத்தான் ஆடுவார்களாம். அந்தப் பழக்கத்தில் சொல்லிவிட்டாராம்.

வெளியே காத்திருந்த ஊர்க்கார நண்பர் நடந்ததைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "ஏலே, அவங்க உன்னையக் காப்பாத்தத்தாம்ல சொன்னாங்க. நீ அவங்களையே மாட்டிவிடப் பாத்திருக்க!"

அதற்குப் பிறகு எத்தனையோ போட்டிகளில் ஜெயித்துவிட்டேன், ஆனாலும் எனக்கு நல்லது சொன்னவர் மீதே புகார் சொல்லக் கையைத் தூக்கிய அந்த நிமிடத்தை நினைத்தால் இன்றும் கூசுகிறது.