கெட் டீச்சரும் பதினான்கு பேரும்

வகுப்பறைக் கதவுக்குக் குறுக்கே நாற்காலியைப் போட்டு டீச்சர் உட்கார்ந்திருக்கிறார். வருகிறவர்கள் அவரைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். “இன்னைக்கு என்ன பிடிச்சே?” என்கிறார். பஸ் டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு, “கெட்டிங் லேட், டீச்சர்” என்கிறார். “யார் சொன்னா?” “பின் சீட்டுல ஒரு அம்மா. வாட்சைத் தட்டித் தட்டிச் சொன்னாங்க.” “சரி, போ.” கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அந்த வாக்கியம் ஏறுகிறது, தாள் சுவரில் ஏறுகிறது.

ஆங்கிலம் பேசக் கற்றுக்கொள்ள வரும் பதினான்கு பேரும் தினமும் இந்தச் சுங்கத்தைக் கட்டியாக வேண்டும். கெட் என்ற வினைச்சொல் வருகிற ஒரு வாக்கியம். அன்றைக்கு யாராவது சொல்லிக் காதில் விழுந்ததாக இருக்க வேண்டும். புத்தகத்திலிருந்து சுட்டுக்கொண்டு வந்தால் மனுஷிக்கு எப்படியோ தெரிந்துவிடும். “இது வாயில வந்ததில்ல, அச்சுல வந்தது. வெளியில போய் வேற பிடிச்சுட்டு வா” என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பவன் நான். நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். மூன்று மணிக்கு ஆரம்பித்தால் ஐந்து மணி வரை கெட், கெட், கெட். முதல் வாரமே புகார்க் கடிதம் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். கொடுப்பதற்குள் என் மாணவர்கள் தடுப்பில் காதை வைத்துக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். போதாக்குறைக்கு நானும். ஆபீஸ் கிளார்க் மட்டும் இன்றுவரை அவரைக் ‘கெட்ட டீச்சர்’ என்றுதான் சொல்கிறார், அவர் காதுபடவே.

ஐம்பது வயதிருக்கும். குள்ளம். நடை மட்டும் ஆறடி ஆளின் நடை. டீ ஆறி அவலாய்ப் போன பிறகுதான் குடிப்பார், கேட்டால் “சூடா குடிச்சா பேச்சு நிக்குதே” என்பார். எம்.ஏ. ஆங்கிலத்தில் முதல் வகுப்பு. அந்தப் பட்டத்தோடு முதல் வேலையாக ஓர் ஆஸ்பத்திரி விசாரணை மேசையில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு நோயாளி வந்து, “ஐ டோன்ட் கெட் இட்” என்று மூன்று தடவை சொன்னாராம். இவர் எழுந்து போய், காணாமல் போன பொருள்களை வைக்கும் டிராயரைத் திறந்து, “எது சார் கிடைக்கல? குடையா, கண்ணாடியா?” என்று தேடியிருக்கிறார். டாக்டர் எழுதியது புரியவில்லை என்றுதான் அந்த மனிதர் சொல்லியிருக்கிறார். “அஞ்சு வருஷம் படிச்சேன், ஒருத்தனும் இதைச் சொல்லித் தரல. நான் கெட்னு எழுதுன இடத்துல எல்லாம் சிவப்பு மையால அடிச்சு, நல்ல வார்த்தை போடுன்னாங்க. அன்னைக்கு வந்த ஆத்திரம், இன்னும் தீரல” என்கிறார்.

“கெட் இங்கிலாந்துச் சொல்லே இல்ல, தெரியுமா?” என்று ஒரு நாள் தடுப்புக்கு அந்தப் பக்கம் குரல் கேட்டது. நான் மவுஸை விட்டுவிட்டேன். “ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி வடக்கேருந்து கப்பல்ல வந்தவங்க கொண்டுவந்தது. கைக்கு எட்டுறது, பிடிக்கிறது, அவ்வளவுதான் அப்ப அர்த்தம். உள்ளூர்க்காரங்ககிட்ட இதோட பங்காளி ஒண்ணு இருந்துச்சு, ஆனா தனியா நிக்காது, வேற சொல்லுக்குள்ள ஒட்டிக்கிட்டுதான் இருக்கும். ஃபர்கெட்ல இருக்குதே, அது அதுதான். மறக்கிறதுன்னா பிடி நழுவுறது.” எனக்கு உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்வானேன்.

பிறகு வண்டி வேகம் எடுத்தது. “பஸ்ஸைப் பிடிக்க கெட். காய்ச்சல் வந்தா கெட். வேலை கிடைச்சா, கல்யாணம் ஆனா, வயசானா, முடி வெட்டிக்கிட்டா, கோபம் வந்தா, ஜோக் புரிஞ்சா, அடுத்தவனை வேலை வாங்கினா, எல்லாத்துக்கும் இதான் ஓடி வருது. வீட்டு வேலை அத்தனையும் செய்யும். விருந்தாளி வந்தா மட்டும் இதை அடுப்படிக்கு அனுப்பிடுவாங்க. முன்னாடி உட்காருறது யாரு? அப்டெய்ன், ரிசீவ். பிரெஞ்சு வழியா வந்த பெரிய மனுஷங்க.” லாண்டரியில் இஸ்திரி போடுகிறவர், “அவங்க வந்தா இது எழுந்து நிக்கணுமா டீச்சர்?” என்று கேட்டார். “நிக்காது! அதான் எனக்குப் பிடிச்சிருக்கு.”

பாடப்புத்தகத்தில் நாற்பது பாடங்கள். நான்கு மாதத்தில் அவர் தாண்டியது பதினோரு பக்கம். போதாததற்கு அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தவிர்க்க வேண்டிய சொற்கள் என்றொரு பட்டியல், அதில் முதல் சொல்லே கெட். இந்த இலவச வகுப்புக்குப் பணம் தருகிற இடத்திலிருந்து அதிகாரி பார்வையிட வருவதாகக் கடிதம் வந்ததும் பிரின்சிபல் மேலே ஏறி வந்தார்.

“மேடம், சுவரைச் சுத்தம் பண்ணுங்க. புத்தகத்தை நடத்துங்க. இல்லேன்னா அடுத்த வாரத்துலேருந்து இந்த வகுப்பு கிடையாது.”

“பண்ண மாட்டேன் சார்.”

அவ்வளவுதான் பதில். காசில்லாமல் படிக்க இதைவிட்டால் வேறு வகுப்பில்லை, அது அந்தப் பதினான்கு பேருக்கும் தெரியும். “ஒரு நாள்தானே? கழட்டி வெச்சுட்டு, அந்த ஆள் போனதும் மறுபடி ஒட்டிக்கலாமே” என்று நைசாகச் சொல்லிப் பார்த்தேன்.

“நான் கழட்டுறதை அவங்க பார்ப்பாங்கல்ல?” என்றார். “தினமும் காதைத் தீட்டிக்கிட்டு அலைஞ்சு பிடிச்சுட்டு வர்றாங்க. அதெல்லாம் வெளியில காட்டக்கூடாத பேச்சுன்னு நானே சொன்ன மாதிரி ஆகாதா?”

அதிகாரி வரவேண்டிய நாளும் வந்தது. ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்கிற பெண் கதவருகே குனிந்த தலை நிமிராமல் நின்றாள். பதினான்கு பேரில் அவள்தான் மிகவும் பயந்தவள்; அவள் பேசுவது தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்ததே இல்லை.

“என்னம்மா, இன்னைக்கு ஒண்ணும் பிடிக்கலையா?”

“கெட் அவுட்” என்றாளாம்.

“யாரு?”

“ரூம்ல தங்கியிருந்தவர். தட்டிட்டுத்தான் டீச்சர் உள்ள போனேன். சத்தியமா தட்டினேன்.”

டீச்சர் ஒரு காலண்டர் தாளைக் கிழித்தார். அதையும் எழுதி ஒட்டினார். “அவன் இப்படி முனகியிருக்க மாட்டானே. எப்படிச் சொன்னான்? அப்படியே சொல்லு. அவன் வாயில இருந்த சொல்லு இனிமே உன் வாயிலயும் இருக்கட்டும். எல்லாரும் சேர்ந்து, வயித்துலேருந்து!”

முதல் தடவை கட்டடம் அதிர்ந்தது. இரண்டாவது தடவை என் மேசையில் டம்ளர் நடுங்கியது. மூன்றாவது தடவை சொல்லவும், பிரின்சிபல் கதவைத் திறந்து அதிகாரியை உள்ளே அழைத்துவரவும் சரியாக இருந்தது. பதினான்கு குரல்கள் நேராக அந்த மனிதரின் முகத்துக்கு, “கெட் அவுட்!”

ஐயோ, அதிகாரி பின்வாங்கிப் பிரின்சிபல் காலை மிதித்தார். என் மாணவர்கள் கீபோர்டில் கவிழ்ந்து சிரித்தார்கள். டீச்சர் எழுந்து, “வணக்கம் சார், உங்களை இல்ல, உள்ள வாங்க” என்று நாற்காலியை நகர்த்தினார். அவர் வரவில்லை. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு அறைக் கதவில் பூட்டு தொங்கியது. பதினான்கு பேரும் பூட்டைப் பார்த்தார்கள், டீச்சரைப் பார்த்தார்கள். டீச்சர் மாடிப்படியின் நடுவில் போய் உட்கார்ந்தார். “ரூம்தானே இல்ல? நான் இருக்கேன், நீங்க இருக்கீங்க” என்றார். மேலேயும் கீழேயுமாக எல்லாரும் உட்கார்ந்தார்கள். நான் என் வகுப்பை விட்டுவிட்டு வெளியே வந்து நின்றேன்.

கால் மணி நேரத்தில் பிரின்சிபல் கீழேயிருந்து ஏறி வந்தார். பாதிப் படியோடு வழி முடிந்துவிட்டது. “இது போக வர்ற வழி மேடம். இவங்களை எழுந்திரிக்கச் சொல்லுங்க” என்றார். டீச்சர் பேசாமல் இருக்கவே, முகம் சிவந்து, கையை உயர்த்தி அவர்களிடமே கத்தினார்: “கெட் அப்! எவ்ரிபடி, கெட் அப்!”

அத்தனை பேருக்கும் அது தெளிவாகவே புரிந்தது. ஒருவரும் அசையவில்லை. அந்த ஹோட்டல் பெண்தான் முதலில் வாயைத் திறந்தாள். குரல் மெலிசுதான், ஆனால் படிக்கு மேலே நின்ற எனக்கும் கேட்டது.

“வி வில் நாட் கெட் அப், சார்.”

பிரின்சிபல் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தன் பக்கத்தில் இருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சுவரோரம் நகர்ந்து, காலியான இடத்தைக் கையால் துடைத்துவிட்டு, அவருக்குக் காட்டினார்.