வாயை மூடாத பேய்

அலுவலகத்தில் அவளுக்குப் பேய்க்காரி என்று பெயர். ஆசிரியர் வைத்த பெயர். அப்புறம் எல்லோருக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது. வயது நாற்பத்தொன்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அக்கா வீட்டு மாடி அறையில் இருந்தாள். டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் நடந்த ஒரு சினிமா வார இதழில் ஓவியர் வேலை. இதழ் பாதி அச்சிலும் பாதி இணையத்திலுமாக வந்துகொண்டிருந்தது.

அதற்கு முன்னால் பதினொரு வருஷம் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் முகம் திருத்தினாள். மணப்பெண்ணின் பருவை எடுப்பாள், இடுப்பில் ஒரு சுற்றுக் குறைப்பாள், பெண்ணைப் பெற்றவளின் கண்ணுக்குக் கீழே தொங்கும் பையைக் கரைப்பாள். மாப்பிள்ளையின் முகத்தைத் திருத்தச் சொல்லி அந்தப் பதினொரு வருஷத்தில் யாரும் கேட்டதில்லை.

பேய் தற்செயலாகத்தான் வந்தது. ஒரு வாரம் செய்தி எதுவும் சிக்கவில்லை. நாலு பக்கம் காலி. ஆசிரியர் தலையைப் பிய்த்துக்கொண்டு, "எதையாவது வரைம்மா, பக்கம் ரொம்பினா போதும்" என்றார். அப்போது உச்சத்தில் இருந்த ஒரு நடிகையை, கார்க் கண்ணாடியில் பின்சீட்டில் தெரியும் பேயாக வரைந்து கொடுத்தாள். வெளுத்த முகம், நனைந்த கூந்தல், உதட்டோரம் ஒரு சொட்டு ரத்தம். மறுநாள் மத்தியானத்துக்குள் அந்தப் படம் ஊரில் பாதிப் பேர் கைபேசியில் இருந்தது. கீழே டயர் கடைக்காரர் கையெல்லாம் கறுப்போடு மாடியேறி வந்து, "நெஜமாவே நீங்களா வரைஞ்சீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்குத் தொடங்கியது. வாரம் ஒரு பிரபலம், வாரம் ஒரு பேய். மூன்று வருஷம் ஓடியது.

ஆசிரியர் கெட்டவர் இல்லை. அவருக்கு எது விற்கும் என்று தெரியும், அவ்வளவுதான். படத்தைக் கொண்டு போனால் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "கழுத்து இன்னும் கொஞ்சம் நீளம். உதடு இன்னும் கொஞ்சம் செவப்பு. தோள்பட்டைல துணி கிழிஞ்சிருக்கட்டும், பேய்தானே" என்பார். அவளும் கிழிப்பாள். கை வேலை செய்யும், மனசு எங்கேயோ இருக்கும்.

ஒரு வாரம் பெரிய நாயகன் ஒருவரின் முறை வந்தது. ரத்தம் குடிக்கும் பேயாக வரைந்து, பழக்கத்தில் அவர் சட்டையையும் தோளில் கிழித்துவிட்டாள்.

"சட்டையை ஏம்மா கிழிச்ச?"

"போன வாரம் அந்தப் பொண்ணுக்குக் கிழிக்கச் சொன்னீங்களே சார்."

"அது வேற, இது வேற. இவரு எவ்வளவு பெரிய ஆளு! ரசிகருங்க வந்து கடையை ஒடைச்சிருவாங்க. நல்ல கோட்டா போட்டு விடு. பட்டன் எல்லாம் இருக்கட்டும்."

ஆறு பட்டன் வரைந்தாள். ஒவ்வொன்றுக்கும் நாலு துளை, துளைக்குள் நூல். வரைந்து முடித்ததும் எழுந்து தண்ணீர் குடித்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். அன்றைக்கு முழுக்க நாற்காலி அவளைத் தாங்கவில்லை. அதற்குப் பிறகு எந்த நாளும் சரியாகத் தாங்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டை நின்றபடியே முடித்துவிட்டுத் தெருவில் நடப்பாள். பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிடுவாள். வீட்டில் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"கால்ல வெந்நீரை ஊத்திக்கிட்ட மாதிரி அலையுறியே, என்னடி ஆச்சு உனக்கு?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாததுக்கா நகத்தை இப்படிக் கடிச்சு வெச்சிருக்க?"

என்னவென்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. ஆறு பட்டன் என்று சொன்னால் அக்கா சிரிப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் பழைய நடிகை ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். முப்பது வருஷத்துக்கு முன்னால் சுவரெல்லாம் அவர் முகம்தான். அவரையும் இரண்டு வாரம் முன்பு பேயாக வரைந்திருந்தாள். அவரது இருபத்தைந்து வயதுப் போட்டோ ஒன்றை வைத்துக்கொண்டு, வழக்கப்படி. நடிகை படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கி ஏறி வந்து, இதழை மேஜைமேல் விரித்து வைத்தார். ஆசிரியருக்கு வியர்த்துவிட்டது.

"மேடம், இது ரசிகர்களோட அன்புல..."

"கேஸ் போட வரல. உக்காருங்க. வரைஞ்சது யாரு?"

பேய்க்காரி எழுந்து நின்றாள்.

"இது யாரும்மா?"

"நீங்கதான் மேடம்."

"நான் செத்தா பேயா வருவேன், சரி, வரேன். எனக்கு இப்பவே அறுபத்திமூணு. இதுக்கு மேலதானே சாகப் போறேன்? செத்ததுக்கப்புறம் எப்படிம்மா இருபத்தஞ்சு ஆச்சு?"

மூலையில் பிழை திருத்துபவர் மட்டும் சிரித்துவிட்டு, உடனே இருமி மறைத்தார்.

"செத்த பிறகாவது எனக்கு வயசாகக் கூடாதா?" என்றார் நடிகை. குரலில் கோபம் இல்லை. அதுதான் பேய்க்காரியைக் குத்தியது. "திரும்ப வரை. வீட்டுக்கு வா. நான் உக்காருறேன்."

ஆசிரியர் மகிழ்ந்துபோனார். நடிகையே உட்கார்ந்து வரையப்பட்ட பேய் என்றால் சும்மாவா! உடனே அனுப்பி வைத்தார்.

நடிகை வீட்டில் தனியாக இருந்தார். வரவேற்பறையில் உடற்பயிற்சி சைக்கிள் ஒன்று நின்றது. அதன் கைப்பிடியில் துண்டுகள் காய்ந்தன. ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பேய்க்காரி கணினியில் வரையும் பலகையை மடியில் வைத்துக்கொண்டு வரைந்தாள். ஒரு மணி நேரம் கழித்து நடிகை எட்டிப் பார்த்தார்.

"இது என் தங்கச்சி மாதிரி இருக்கு. எனக்குத் தங்கச்சியே கிடையாதே."

பார்த்தால், உண்மைதான். கோடு போடும்போதே அவள் விரல் தன்பாட்டுக்கு அதை மெழுகிக்கொண்டே வந்திருந்தது. கன்னத்துச் சுருக்கம் இல்லை. தாடைக்குக் கீழே தொங்கும் தோல் இல்லை. ஸ்டூடியோவில் பழகிய கை கேட்காமலே வேலை செய்திருந்தது. மறுநாள் பலகையை வீட்டிலேயே வைத்துவிட்டுக் காகிதமும் கரிக்கோலும் கொண்டு போனாள். கரியில் தடவினால் தாளே கறுத்துவிடும், தெரியாமல் மெழுக முடியாது. ஏழு தாள் வீணாயிற்று. ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"உனக்கு உக்காரவே தெரியாதா?"

"முன்னாடி உக்காந்துட்டுத்தான் மேடம் இருந்தேன்."

மூன்றாம் நாள் நடிகை தன் சாவுகளைப் பற்றிச் சொன்னார்.

"பேய்ப்படம் நாலு பண்ணேன். நாலுலயும் செத்தேன். ஒண்ணுல மாடியிலேருந்து தள்ளி விடுவாங்க. நான் கீழ கெடக்கணும். டைரக்டர் வந்து என் முடியை விசிறி மாதிரி விரிச்சு விட்டாரு. கவுனை முழங்காலுக்கு மேல ஏத்தி குண்டூசி குத்தினாங்க. உதட்டைக் கொஞ்சம் பிரிச்சு வெச்சுக்கோன்னாரு. எங்கம்மா செத்தப்ப பக்கத்துல இருந்தவ நான். செத்தவங்க அப்படியா இருப்பாங்க?"

"கத்துற சீன் மேடம்?"

"அதையேன் கேக்குற! பயந்து கத்தணும், ஆனா வாயை இவ்வளவுதான் தொறக்கணும்." ஒரு விரற்கடை இடைவெளி காட்டினார். "கடைவாய்ப்பல்லு தெரிஞ்சா அசிங்கமாம்."

பேய்க்காரி கரிக்கோலை எடுத்தாள். "இப்பத் தொறங்க மேடம்."

நடிகை அவளைப் பார்த்தார். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு தலையைப் பின்னால் சாய்த்துத் திறந்தார். கழுத்து நரம்பு இரண்டும் கயிறு மாதிரி புடைத்தன. கன்னம் முழுக்கக் கோடு. உள்ளே சிமெண்ட் அடைத்த பல், இல்லாத பல், நடுங்கும் நாக்கு. பிறகு சத்தமும் வந்தது. கரகரவென்று ஆரம்பித்து வீட்டையே நிறைத்தது. ஒரு நிமிஷத்தில் வாசல் மணி அடித்தது. எதிர்வீட்டுக்காரர் கையில் சப்பாத்திக் கட்டையோடு நின்றார்.

"என்னாச்சும்மா?"

"ஒண்ணுமில்ல, வேலை நடக்குது" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு, நடிகை வந்து மறுபடி வாயைத் திறந்தார்.

பேய்க்காரி நின்றுகொண்டே வரைந்து முடித்தாள். வரைந்ததைத் தரையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனாள். அவளுக்கே பயமாக இருந்தது. மூன்று வருஷத்தில் முதல் தடவை.

ஆசிரியர் படத்தைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"என்னம்மா இது, பயமா இருக்கு!"

"பேய் சார்."

"பேய்தான். ஆனா பாக்கறவனுக்கு இன்னொரு தடவை பாக்கணும்னு தோணணுமில்ல?" படத்தைக் கவிழ்த்து வைத்தார். "வெச்சிட்டுப் போ, பாக்கலாம்."

சனிக்கிழமை இதழ் வந்தது. படமும் வந்திருந்தது. வாய் மூடியிருந்தது. கன்னத்துக் கோடுகள் ஒன்றுகூட இல்லை, உதடு சிவந்திருந்தது. கீழே அவள் கையெழுத்து மட்டும் தொடாமல் அப்படியே. அவள் பக்கத்தை மூடுவதற்குள் நடிகையிடமிருந்து போன் வந்தது.

"என் வாயை மூடிட்டியே" என்றார். அவள் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

நேரே பக்கம் வடிவமைக்கும் அம்மாவிடம் போனாள். இருபது வருஷமாக அந்த மேஜையில் இருப்பவர். "நீங்களா மூடினீங்க?"

"சார் சொன்னாரு, மூடினேன்." அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உன் கையெழுத்துக்கு மேல எத்தனையோ இடுப்பை நான் கொறைச்சிருக்கேன். அப்பல்லாம் ஏன்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

கேட்டதில்லை. அது உண்மை என்பதால் அவளால் அங்கே நிற்க முடியவில்லை. தன் இடத்துக்குப் போய் மூன்று வருஷப் படங்களையும் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினாள். நூற்று நாற்பத்தாறு பேய்கள். அதில் நூற்றுப் பத்து பெண்கள். நாற்பது வயதைத் தாண்டியவள் ஒருத்தியும் இல்லை. எல்லோரும் செத்தவர்கள்; ஒருத்திகூடக் கத்தவில்லை. பாதிப் பேர் தோளுக்கு மேலே திரும்பி, பார்ப்பவனை வா என்கிற மாதிரி பார்த்தார்கள். துணி கிழிந்தது, ஆனால் ஒரு காயமும் அசிங்கமாக இல்லை. ஆசிரியர் சொன்னது எத்தனை, தானாகச் செய்தது எத்தனை என்று பிரித்துப் பார்க்க முயன்றாள். பிரிக்க வரவில்லை.

ஆசிரியரிடம் போய், "நான் வரைஞ்சதைப் போடுங்க. இல்லேன்னா என் கையெழுத்தை எடுங்க" என்றாள்.

"ரெண்டும் முடியாதும்மா. ஒரு வாயிக்காக வேலையை விடுவியா?"

"விடுறேன் சார்."

சொன்ன பிறகுதான் விட்டுவிட்டோம் என்று அவளுக்கே தெரிந்தது. அன்று மாலை, ஆசிரியர் மேஜையிலிருந்து எடுத்து வந்த மூலப்படத்தை இணையத்தில் தன் பக்கத்தில் போட்டாள். 'இதுதான் நான் வரைந்தது' என்று மூன்றே வார்த்தை. பதில்கள் கொட்டின. கிழவியைப் போய் வரைவதா, சாப்பாடு இறங்கவில்லை, கண் போச்சு என்று ஆண்கள் எழுதினார்கள். ஒரு பெண், 'எங்க வீட்டு பாத்ரூம் கண்ணாடியில நான் இப்படித்தான் கத்துவேன், சத்தமில்லாம' என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே நிறையப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். அவள் எல்லாவற்றையும் நடந்துகொண்டே படித்தாள். அக்கா படிக்கட்டிலிருந்து கத்தினாள்.

"மாடி ஓட்டையாகப் போகுதுடி! ஒரு எடத்துல நில்லேன்!"

மறுவாரம் மூலப்படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நடிகை வீட்டுக்குப் போனாள். கதவு திறக்க ரொம்ப நேரம் ஆயிற்று. நடிகை படத்தை வாங்கி விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நீ மூடலையா?"

"இல்ல மேடம். ஆனா முன்னாடி நெறைய மூடியிருக்கேன்."

அவர் படத்தை மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போனார். டீ போட்டார். அந்தப் படம் இப்போது வாசல் கதவுக்கு நேர் எதிரே தொங்குகிறது. வேண்டாத ஆட்களில் பாதிப் பேர் அதைப் பார்த்ததும் வந்த வேலையை மறந்துவிடுகிறார்களாம்.

மூன்று மாதம் வேலை இல்லை. பிறகு மருத்துவப் பாடப் புத்தகம் போடும் ஒரு பதிப்பகத்தில் படம் வரைய எடுத்துக்கொண்டார்கள். சம்பளம் குறைச்சல். குடல், கணுக்கால், தொண்டைக்குழி. தப்பாக வரைந்தால் மருத்துவர்கள் திட்டுவார்கள். அழகாக வரையச் சொல்லி யாரும் கேட்பதில்லை. அங்கேயும் அவளுக்கு உட்கார வரவில்லை. உயரமான மேஜை ஒன்று கேட்டு வாங்கி நின்றுகொண்டே வரைகிறாள்.

போன மாதம் தெரியாத எண்ணிலிருந்து ஒரு பெண் பேசினார். வயதான குரல், ஆனால் தெளிவான குரல். "அந்தப் படத்தைப் பாத்தேம்மா. அவங்க நடிச்ச பேய்ப்படம் நாலுலயும் வாய் அவங்களோடது, கத்தினது நான்" என்றார். பின்னணிக் குரல் கொடுப்பவர். இருபத்தாறு வருஷம் நடிகைகளுக்காக அழுதிருக்கிறார், கத்தியிருக்கிறார், செத்திருக்கிறார். திரையில் ஒரு இடத்திலும் அவர் பெயர் வந்ததில்லை. "என்னையும் வரைவியாம்மா? மொகம் முக்கியமில்ல. கத்தலை வரைய முடியுமா?"

முடியுமா என்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும் போனாள். சின்னச் சமையலறை, அந்த அம்மா கேஸை அணைத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பேய்க்காரி அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவே இடம் மாற்றி மாற்றி நின்று பார்த்தாள்.

"ஆரம்பிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு அவர் கத்தினார்.

தாளில் அழுத்தியிருந்த கரிக்கோல் இரண்டாக உடைந்தது. பேய்க்காரி குனிந்து பையில் அடுத்ததைத் தேடினாள்.