நெத்திலிப் பரணின் கால்கள்

விருந்தாளிகள் பத்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. எட்டரைக்கு நான் முத்தையாபுரத்திலிருந்து பஸ் பிடித்து கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது, எங்கள் திட்டத்தில் கொடுத்த நான்கு மீன் உலர்த்தும் பரண்களில் ஒன்றில்கூட மீன் இல்லை. ஒன்றில் பள்ளிச் சீருடைகள், ஒன்றில் போர்வைகள், மூன்றாவதில் கூழ்வற்றல். நான்காவதில் ஒரு பூனை படுத்திருந்தது. நெத்திலி மட்டும் வழக்கம்போலக் கீழே, மணலில் விரித்த பழைய வலைமேல் கிடந்தது.

“எக்கா, என்னக்கா இது? இன்னைக்கு வெளிநாட்டுல இருந்து ஆளு வாராவன்னு படிச்சுப் படிச்சு சொன்னேம்லா!”

கருவாட்டு அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்தக் கரையில் கருவாடு போடும் பெண்களின் சங்கத்துக்குத் தலைவி அவர்தான். “வரட்டும். துணி காயுதத பாக்கதுக்கு அவியளுக்கு என்ன கூச்சம்?”

மீன்வளத் திட்ட அலுவலகம் ஒன்றில் அப்போது எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை. ஆங்கிலத்தில் வருவதைத் தமிழிலும், தமிழில் வரும் வசவுகளை மரியாதையான ஆங்கிலத்திலும் மாற்ற வேண்டும். பசியை ஒழிக்க நாடுகள் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் ஏற்பாட்டில், மொசாம்பிக்கிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் அந்நாட்டு அதிகாரி, மற்றவர் கடலோரக் கிராமம் ஒன்றில் மீன் காயவைக்கும் அம்மாள். அவர்கள் ஊரில் மழைக்காலத்தில் மீன் காயாமல் அழுகிவிடுமாம், அந்த மாதங்களில் பிள்ளைகளுக்கு வெறும் சோளக்கூழ்தான் சாப்பாடாம். மணலில் படாமல் பரணில் போட்டால் மீன் சீக்கிரம் காயும், வீணாகாது என்பதை நேரில் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்று முந்தைய நாள் அந்த அதிகாரி எனக்கு அழகான ஆங்கிலத்தில் விளக்கினார். விளக்கிவிட்டு, வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், சால்னா ஊற்றிப் பிய்த்துப் போட்ட பரோட்டாவை இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

துணிகளை அள்ளி, வற்றலைச் சுருட்டி, பூனையை விரட்டி, பரண்களில் நெத்திலியைக் கூடையோடு வீசிப் பரப்பி முடிக்கவும் ஜீப் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. எங்கள் ஆபீசரும் மொசாம்பிக் அம்மாளும் இறங்கினார்கள். ஆங்கிலம் தெரிந்த அந்த அதிகாரியைக் காணோம்.

“அவர் ரூமை விட்டு வர முடியாத நிலைமையில இருக்கார்மா. நீயே சமாளிச்சிரு” என்றார் ஆபீசர்.

“சார், இவங்களுக்கு போர்ச்சுகீஸ்தான் தெரியும். எனக்கு அதுல ஒரு வார்த்தைகூடத் தெரியாதே.”

“கையால காட்டும்மா.”

நான் கையைத் தூக்குவதற்குள் அந்த அம்மாள் ஆர்வத்தோடு நேராகக் காய்ந்துகொண்டிருந்த மீனை நோக்கி நடந்தார். மணலில் விரித்த வலையில் மீதி நெத்திலி அப்படியே கிடந்தது. வலையை மிதிக்க இன்னும் ஓரடிதான்.

“ஏளா! சப்பாத்து! சப்பாத்த கழத்து!” என்று அக்கா கத்தினார்.

அந்த அம்மாள் சட்டென்று நின்றார். குனிந்து செருப்புகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். “சப்பாத்து?” என்று அவற்றைத் தூக்கிக் காட்டிக் கேட்டார்.

“சப்பாத்துதான்” என்றார் அக்கா. பிறகு என்னைப் பார்த்து, “இவளுக்கு தமிழ் தெரியும்லா? பொறவு என்னத்துக்கு நீ?” என்றார்.

நான் கடைக்காரக் குடும்பத்துப் பெண். எங்கள் வீட்டில் செருப்பு என்றுதான் சொல்வோம். கடற்கரைக் கத்தோலிக்க வீடுகளில் செருப்புக்குச் சப்பாத்தும் அடுப்படிக்குக் குசினியும் போர்ச்சுகீசியர் காலத்திலிருந்து புழங்குவது எனக்குத் தெரியும். அது அன்றைக்கு என் வேலைக்கே உலை வைக்கும் என்று நினைக்கவில்லை.

அடுத்த பத்து நிமிடம் இரண்டு பேரும் சொற்களைத் தேடித் தேடி எடுத்தார்கள். சாவி என்று அக்கா சொன்னால் “ஷாவி” என்றார் அவர். ஜன்னலுக்கு “ஜனேலா”. அக்கா தன் வீட்டைக் காட்டிக் குசினி என்றதும் “குசீஞா!” என்று கட்டிப்பிடித்துக்கொண்டார். ஒரு வீட்டுக்குச் சாமான் வாங்கும் அளவுக்கு வார்த்தை சேர்ந்துவிட்டது. மீனைப் பற்றிப் பேசத்தான் ஒன்றுமில்லை.

ஆபீசர் பொறுமையிழந்து பரண் அருகே போனார். ஆறடி உயரம் அவர். நடுவில் கிடந்த நெத்திலியை அலட்டிக்கொள்ளாமல் புரட்டிக் காட்டினார். “இப்படித்தான். சிம்பிள்.”

அந்த அம்மாளும் பரணுக்குப் பக்கத்தில் வந்து கையை நீட்டினார். விளிம்பில் கிடந்த மீன்தான் எட்டியது. எக்கினார், நுனிக்காலில் நின்றார், நெஞ்சைச் சட்டத்தில் அழுத்திச் சாய்ந்தார். நடுவில் இருந்த மீன் நடுவிலேயே இருந்தது. அவர் பரணைத் தட்டி, “மேசா…” என்றார். பிறகு கையைத் தலைக்குமேல் தூக்கி உதட்டைப் பிதுக்கினார்.

“மேசை ஒசரமா இருக்குங்கா” என்று அக்கா எனக்கு மொழிபெயர்த்தார். “வந்து அர மணிக்கூர்ல கண்டுபிடிச்சிட்டா பாரு.”

“எக்கா, ஒரு வருசமா இத ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீ கேட்டியா? மீன் நல்லா காயுதா, காயுதான்னுதான் கேட்ட. எட்டுதான்னு கேட்டியா?”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஒவ்வொரு மாதமும் படிவத்தோடு வந்து அந்த ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மொசாம்பிக் அம்மாள் பரணின் காலில் முழங்கையளவு உயரத்தில் கையை வைத்து அறுப்பதுபோல இழுத்துக் காட்டினார். அக்காவுக்கு அதற்கு அகராதி தேவைப்படவில்லை. பக்கத்தில் வள்ளம் பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஆசாரியிடம் ரம்பம் வாங்கி வந்தார். சவுக்குக் கால்கள்தானே. ஒருவர் பிடிக்க ஒருவர் அறுக்க, முதல் கால் விழுந்துவிட்டது.

“ஐயோ, அசெட் நம்பர்!” என்று அலறினார் ஆபீசர். ஒவ்வொரு காலின் அடியிலும் மஞ்சள் பெயிண்டில் திட்டத்தின் எண் எழுதியிருந்தது. ஆடிட்டில் எண்ணைக் காட்டாவிட்டால் பரணே இல்லை என்று அர்த்தம். ஆனால் ஒரு காலை அறுத்த பரண் சாய்ந்து, நெத்திலி மொத்தமும் ஒரு மூலைக்குச் சரிய ஆரம்பித்திருந்தது.

“இப்ப நிப்பாட்டவா சார்?” என்று ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு கேட்டார் அக்கா.

ஆபீசர் ஓடிப்போய்ச் சட்டத்தைத் தாங்கிப் பிடித்தார். நான்கு பரணும் முடியும்வரை பிடித்தபடியே நின்றார். கடைசியில் பதினாறு துண்டுகளையும் எண்ணி, சணலால் கட்டி, ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். அலுவலக அலமாரியின்மேல் அவை வெகுகாலம் இருந்தன.

மதியம் அந்த அம்மாள் குசினிக்குள் புகுந்தார். காய்ந்த நெத்திலியைத் தலை கிள்ளி, வறுத்து, உரலில் மாவாக இடித்து, கஞ்சியில் ஒரு கரண்டி கலந்து எங்கள் முன்னால் வைத்தார். தன் பிள்ளைகளுக்கு இதுதான் என்று இடுப்பளவு, முழங்காலளவு கைகாட்டிச் சொன்னார். நாங்கள் கருவாட்டைச் சுட்டுத் தின்போம், குழம்பு வைப்போம். கஞ்சியில் பொடியாகப் போட்டதில்லை. அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு, “உப்பு கூடுதல்” என்றார். பிறகு கிண்ணத்தைக் காலி செய்தார்.

பக்கத்து அங்கன்வாடியில் அதை முயன்று பார்த்தோம். முதல் நாள் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாம் நாள் உப்பைக் குறைத்ததும் பாதிப்பேர் குடித்தார்கள். அதற்கடுத்த வாரம் ஒரு பிள்ளை கிண்ணத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டது, ஆனால் காலியான பிறகுதான்.

சில மாதங்கள் கழித்து மொசாம்பிக்கிலிருந்து என் போனுக்குப் படம் வந்தது. கூரை போட்ட கொட்டகை, வெளியே மழை, உள்ளே குட்டைக்கால் பரண்கள். அந்த வருடம் மழைக்கும் மீன் தாங்கியது, பள்ளிக்கூடக் கூழில் பொடி சேர்க்கிறார்கள் என்று அதிகாரி ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். கூடவே அந்த அம்மாளின் குரல்பதிவு ஒன்று. அக்காவிடம் ஓடினேன்.

அவர் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, குரல்பதிவை இரண்டு தடவை கேட்டார். பதில் பேசச் சொல்லிப் போனை நீட்டினேன்.

“ஏளா, கொட்டாய் கூரைய இன்னும் கொஞ்சம் எறக்கிப் போடு, சாரல் அடிக்கும். உப்ப கொறச்சிப் போடு. பிள்ளைய நல்லாருக்கா?” என்று ஆரம்பித்து நான்கு நிமிடம் பேசினார்.

“இதை இங்கிலீஷ்ல எழுதி அனுப்பட்டுமாக்கா?”

“நீ சும்மா இரு. அவ கேட்டுக்கிடுவா” என்றார். நான் அப்படியே அனுப்பினேன்.