தலையாட்டி வேடம்

ஐம்பத்தாறு வயதில் முதன்முதலாக எனக்கு ஒரு நாடகத்தில் வேடம் கிடைத்தபோது தலைகால் புரியவில்லை. அதுவும் தட்டத்தோடு வந்து தேத்தண்ணி கொடுத்துவிட்டுப் போகிற வேடமில்லை. கடைசிக் காட்சியே என் தலையில்தான் இருந்தது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று நீங்கள் சிரித்தால் நான் மறுக்கமாட்டேன். நாங்கள் குடியேறிய ஸ்காபரோவில் வேறு ஒருவரும் அந்த வேடத்துக்குச் சம்மதிக்கவில்லை.

நாடகம் அமெரிக்காவைப் பற்றியது. 1950களில் அங்கே கம்யூனிஸ்ட் என்றால் பேயைக் கண்ட மாதிரிப் பயந்திருக்கிறார்கள். பள்ளிக்கூட ஆசிரியர், சினிமாவுக்குக் கதை எழுதுபவர், அரசாங்க உத்தியோகத்தர் என்று பலரையும் விசாரணைக் குழுவின் முன் நிறுத்தி, நீ கட்சியில் இருந்தாயா, உன்னோடு கூட்டத்துக்கு வந்தவர்கள் யார் என்று கேட்டிருக்கிறார்கள். கூட்டாளிகளின் பெயரைச் சொன்னவர்கள் தப்பப் பார்த்தார்கள். சொல்லாதவர்களுக்கு வேலை போனது, சிலர் மறியலுக்குப் போய்க் கம்பியும் எண்ணினார்கள். பக்கத்து வெக்ஸ்போர்ட் பகுதியில் இருக்கும் எங்கள் நெறியாளர் அண்ணை இதையெல்லாம் வாசித்து வாசித்து நித்திரையில்லாமல் ஒரு நாடகம் எழுதிவிட்டார். பெயர் சொல்ல மறுக்கும் ஆசிரியர் வேடத்துக்கு ஆளுக்காள் அடிபட்டார்கள். அந்த ஆசிரியரைக் காட்டிக்கொடுக்கும் நண்பன் யார் என்று கேட்டதும் எல்லோருக்கும் திடீரென்று வீட்டில் வேலை வந்துவிட்டது.

"அண்ணை, பிறகு கோயில்ல கண்டாலும் சனம் என்னைத் தலையாட்டி எண்டெல்லோ சொல்லும்" என்றார் ஒருவர்.

எங்கள் ஆட்களுக்கு அந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. போர்க்காலத்தில் ஊரில் இராணுவச் சுற்றிவளைப்பு நடந்தால் எல்லோரையும் வரிசையாக நடக்கவிடுவார்கள். வரிசை முடிகிற இடத்தில் தலையைச் சாக்கால் மூடிய ஒருவன் இருப்பான். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறானோ அவரை ஆமி ஏற்றிக்கொண்டு போகும். என் மனைவியின் தம்பியை அப்படித்தான் கொண்டுபோனார்கள். அவன் திரும்பி வரவில்லை. தலையாட்டியது யார் என்று இன்றுவரை தெரியாது.

நான் வேடத்தைச் சொன்னதும் மனைவி அடுப்பை நிப்பாட்டிவிட்டுத் திரும்பினாள்.

"இஞ்சருங்கோ, உலகத்தில வேற வேசமே இல்லையோ? நான் உதைப் பாக்க வரமாட்டன்."

அதோடு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் நின்றுபோனது. எனக்கு வேடமும் வேணும், அவளும் வந்து பார்க்கவேணும். இரண்டில் ஒன்றை விடச் சொல்லி யாராவது கேட்டிருந்தால் எதை விட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அவ்வளவு ஆசை.

மிசிசாகாவில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வேலை. வாழ்நாளில் முதல் தடவையாக 401 நெடுஞ்சாலை நெரிசலுக்கு நன்றி சொன்னேன். கார் அசையாமல் நிற்கும்போது, "ஓம் ஐயா, அவர்களை எனக்குத் தெரியும்" என்று ஸ்டியரிங்குக்கு வாக்குமூலம் கொடுப்பேன். பக்கத்துக் காரில் இருந்த மனுசி ஒருநாள் அவசரமாகக் கண்ணாடியை ஏற்றினாள். பழைய பாணிக் கோட்டும் தொப்பியும் போட்டுப் பார்த்த அன்று, மாப்பிள்ளைக் கோலத்தில்கூட நான் இவ்வளவு நேரம் கண்ணாடிக்கு முன்னால் நின்றதில்லை.

சனிக்கிழமை பின்னேரம் பள்ளிக்கூட மண்டபம் நிரம்பிவிட்டது. கடைசிக் காட்சிக்கு முன் திரையை விலக்கிப் பார்த்தேன். பின்வரிசையில், குளிர்கோட்டைக்கூடக் கழற்றாமல், என் மனைவி இருந்தாள். திரையைச் சட்டென்று விட்டுவிட்டேன். சந்தோஷமா பயமா என்று பிரிக்க முடியவில்லை.

விசாரணைக் குழுத் தலைவர் கேட்டார்: "கூட்டத்துக்கு வந்தவர்கள் யார்?"

நான் மூன்று பெயர் சொல்லவேண்டும். ஒன்றும் வரவில்லை. 401 முழுக்கச் சொல்லித் திரிந்த பெயர்கள். தலைவராக நடித்தவர் என் நிலைமையை விளங்கிக்கொண்டு, ஆசிரியரை விரலால் காட்டி, "இவர் வந்தாரா?" என்று கேட்டார்.

நான் தலையை ஆட்டினேன்.

கோட்டும் தொப்பியுமாக அதுவரை அமெரிக்காவில் நடந்த கதை அந்த ஒரு ஆட்டத்தோடு எங்கள் ஊருக்கு வந்துவிட்டது. முன்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்தினார். எனக்குச் சாக்கு இல்லை. விளக்கெல்லாம் என் முகத்தில் இருந்தது. வேர்வை கண்ணுக்குள் இறங்கியது, துடைக்கக் கை எழும்பவில்லை.

திரை விழுந்ததும் கைதட்டல் தொடங்கியது. தொடங்கியது நிற்கவில்லை. நெறியாளர் அண்ணை ஓடிவந்து கட்டிப்பிடித்தார். "நான் எழுதினதைவிட உதுதான் திறம்" என்றார். மறந்துபோனதை நான் சொல்லவில்லை. சந்தோஷத்தில் கால் நிலத்தில் படாமல்தான் வெளியே வந்தேன். ஆனால் கண் அவளைத்தான் தேடியது.

அவள் எங்கள் காருக்குப் பக்கத்தில் நின்றாள். ஏசப்போகிறாள் என்று நினைத்தேன்.

"பயந்துபோய் நிண்டியள், என்ன?" என்றாள்.

"ஓம்."

"அந்தச் சாக்குக்குள்ளயும் ஒரு முகம் இருந்திருக்கும். இவ்வளவு வருசமா எனக்கு அது தோன்றேல்லை." மூக்கை உறிஞ்சினாள். "அதுக்காக நான் அவனை மன்னிக்கேல்லை."

கதவைத் திறந்து ஏறினாள். நானும் ஏறினேன்.

"நாளைக்கும் நாடகம் இருக்கெல்லோ" என்றாள். "முன்னுக்கு ஒரு சீற் பிடிச்சு வையுங்கோ. பின்னால இருந்து பாக்க உங்கட கண் வடிவாத் தெரியேல்லை."