லாபிரின் கார் குடித்த பெற்றோல்

அக்கரப்பத்தனை பஸாரில் வாடகைக்கு ஹயர் கார் ஓட்டிய லாபிரைப் பற்றி ஊர் சொல்லும் முதல் சேதி அவருடைய கஞ்சத்தனம்தான். சாப்பாட்டில் கஞ்சம் இல்லை. வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றுவதிலும் கஞ்சம் இல்லை. பெற்றோல் என்றால் மட்டும் மனிதருக்கு உயிர் போய்விடும். அவருடைய கறுப்புக் கார் பெற்றோலில் ஓடுவதில்லை, பெற்றோல் வாசத்தில் ஓடுகிறது என்று மற்ற டிரைவர்கள் கேலி செய்வார்கள். லாபிர் அதைக் கேலியாக எடுத்துக்கொண்டதே இல்லை. ஒரு கலனுக்கு முப்பது மைல் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்.

அவருடைய வாப்பா துணி மூட்டையைத் தலையில் வைத்துத் தேயிலைத் தோட்டம் தோட்டமாக நடந்து விற்றவர். மகன் நடக்கப் பிறந்தவன் அல்ல என்று சின்ன வயதிலேயே தெரிந்துபோயிற்று. லொறியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, ஐம்பத்து நாலாம் ஆண்டில் ஒரு பழைய காரைச் சொந்தமாக வாங்கினார். காரை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மனைவி ரபீக்காவை முன் சீட்டில் உட்காரவைத்து ஒரு சுற்றுக்கூட ஓட்டிக் காட்டவில்லை. வீண் செலவாம். ரபீக்கா அதை ஆயுள் முழுக்கச் சொல்லிக் காட்டினார்.

முப்பது மைலுக்குப் பின்னால் ஒரு வழி இருந்தது. மலையில் வண்டி ஓட்டிய எல்லோரும் செய்ததுதான். இறக்கம் வந்ததும் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிடுவார்கள். கியரை விலக்கிவிட்டால் வண்டி தன் பாட்டில் உருளும். இறக்கம் முடியும் இடத்தில், ஓட்டம் இருக்கும்போதே கியரை மாட்டிக் கிளச்சை விட்டால் எஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கி விழித்துக்கொள்ளும். எந்த வளைவில் அணைக்கலாம், எந்தப் பாலத்துக்கு முன்னால் எழுப்ப வேண்டும் என்பதெல்லாம் லாபிரின் கைக்கே தெரியும். பிரேக் பிடிக்காமல் போனால் என்ன செய்வீர்கள் என்று யாராவது கேட்டால், "அல்லா இருக்கான், ஹேண்ட் பிரேக்கும் இருக்கு" என்பார்.

அறுபதாம் ஆண்டு ஐப்பசி மழையில், ஒரு பகல் நேரத்தில், டயகமத் தோட்டத்திலிருந்து சிவசாமி வந்து நின்றான். தலையில் சாக்கு, முழங்கால்வரை சேறு. தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன், அதிகம் பேசாதவன். பெண்சாதி நாகலெட்சுமிக்கு வயிற்றுவலி என்றும், தோட்டத்து டொக்டரையா கையை விரித்துவிட்டார் என்றும், உடனே டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்கிறார் என்றும் மூச்சு வாங்கச் சொன்னான். லாபிர் சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

டயகமவில் தொழிலாளர் லயத்து வாசலிலிருந்து நாலு பேர் கம்பளியோடு தூக்கிவந்து அவளைப் பின் சீட்டில் கிடத்தினார்கள். தலை சிவசாமியின் மடியில். வழியெல்லாம் மூடுபனி. ஏற்றத்தில் கார் முக்கி முனகி ஏறியது. உச்சி தாண்டி நீண்ட இறக்கம் வந்தது. லாபிரின் கை எப்போதும் போலச் சாவிக்குப் போயிற்று. எஞ்சின் அணைந்தது. கார் சத்தமில்லாமல் பனிக்குள் இறங்கியது.

இறக்கம் முடிகிற வளைவில் தேயிலைக் கொழுந்து லொறியொன்று சாலையை அடைத்துக்கொண்டு திரும்பியது. லாபிர் பிரேக்கை மிதித்தார். லொறி ஒருமுறை பின்னுக்குப் போய் வழிவிட்டு, தன் பாட்டில் மேலே ஏறிப்போயிற்று. கார் அடுத்த ஏற்றத்தின் அடியில் அசையாமல் நின்றது. உருட்டி எழுப்ப ஓட்டம் இல்லை. ஸ்டார்ட்டரை இழுத்தால் குளிரில் செத்துக் கிடந்த பற்றரி ஒரு முனகல் முனகி அடங்கியது. எஞ்சினைச் சுற்றி எழுப்பும் கைப்பிடியை எடுத்து முன்னால் போட்டுச் சுற்றினார். மழையில் நனைந்து, உள்ளங்கைத் தோல் உரிந்து, யா அல்லா யா அல்லா என்று சுற்றினார். கடைசியில் பின்னால் வந்த தோட்டத்து லொறி முன்னால் வந்து கயிறு கட்டியது. அவர் ஓடிவந்து ஏறி, லொறி இழுக்க இழுக்கக் கிளச்சை விட்டார்; எஞ்சின் பிடித்தது. "திருப்புங்க நானா, வீட்டுக்குப் போவோம்" என்றான் சிவசாமி, கம்பளியை அவள் முகத்துக்கு மேல் இழுத்துவிட்டு.

அன்று பொழுது சாய்வதற்குள் பஸாரே கேட்டது, கார் ஏன் நின்றது என்று. லாபிர் யோசிக்கவேயில்லை. "பெற்றோல்ல தண்ணி" என்றார்.

அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். அவர் அதை நம்பினார். இறக்கத்தில் எஞ்சினை அணைப்பது மூச்சு விடுவதுபோலப் பழகிப்போன காரியம், அதை யார் கணக்கில் எடுப்பார்கள்? பஸாரில் பெற்றோல் விற்றவர் முனாப் ஒருவர்தான். அவருடைய பீப்பாய்கள் கடைக்குப் பின்னால் வானம் பார்த்து நிற்கும். பகல் வெயிலில் சூடாகி இரவுக் குளிரில் அடங்கும்போது மூடியில் தேங்கிய மழைத் தண்ணீரைப் பீப்பாய் உள்ளுக்கு இழுத்துக்கொள்ளும் என்பது டிரைவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் லாபிர் சொன்னதை ஊர் அப்படியே எடுத்துக்கொண்டது. ஒரு பொம்பளையைச் சாகடித்த பெற்றோல் என்று சொல்லி, தோட்டத்து லொறிகள்கூட முனாப் கடையைத் தாண்டிப் போய் தலவாக்கலையில் அடித்தன.

அதற்குப் பிறகுதான் கார் குடிக்கத் தொடங்கியது.

முப்பது மைல் இருபத்தைந்தாயிற்று. பிறகு அதற்கும் கீழே போயிற்று. லாபிர் தலவாக்கலைப் பம்பில் நல்ல பெற்றோலாகப் பார்த்து அடித்தார். குறையவில்லை. பிளக்குகளைக் கழற்றித் தேய்த்தார். நுவரெலியாவில் ஒரு கராஜில் சீமை மருந்து ஒரு போத்தல் கொடுத்தார்கள். தாங்கியில் ஊற்றினால் குழாய், காபரேட்டர் எல்லாம் கழுவிவிட்டுப் பெற்றோல் மிச்சம் பிடிக்கும் என்றார்கள். ஊற்றினார். புகை கொஞ்சம் நீலமாக வந்தது, அவ்வளவுதான். இன்னொரு போத்தல் ஊற்றினார். கார் அதையும் சேர்த்துக் குடித்தது.

லயத்து ஜனங்களுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. ஆள் ஏறினால் வண்டி கூடக் குடிக்கும், இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. நாகலெட்சுமி இன்னும் இறங்கவில்லை. பின் சீட்டில் அவள் தலை வைத்திருந்த மூலையில் யாரும் உட்காராமல் நெருக்கியடித்து மூன்று பேர் முன்னால் ஏறினார்கள். லாபிர் முதலில் சத்தம் போட்டார். அப்புறம் அவரே பின்னால் பார்க்கும் கண்ணாடியை வெளிப்பக்கம் திருப்பி வைத்தார். ஏற்றத்தில் கார் முக்கும்போதெல்லாம் முதுகு குளிர்ந்தது. வெறும் காராய்த் திரும்பி வருகிற நாளில் பின்னால் கம்பளி வாசம் வருகிறது என்று அவருக்குத் தோன்றும். பயந்தார். தொழுகையில் நின்றாலும் பயந்தார்.

"இஞ்சப் பாருங்க, யாசீன் ஓதி ஊதச் சொல்லுவோம்" என்றார் ரபீக்கா.

"காருக்கு யாசீன் ஓதுவாங்களா?"

"காருக்கு இல்ல. உங்களுக்கு."

குர்ஆனை எடுத்து ஓதினார்கள். கார் குடித்தது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து முனாப் காரடிக்கு வந்தார். ஒரு கையில் தகரக் குவளையும் பெற்றோல் போத்தலும், இன்னொரு கையில் வண்டி துடைக்கும் மான்தோல். வயதில் மூத்தவர். நோஞ்சானாகப் போயிருந்தார். தோலைக் குவளையின் வாயில் விரித்து, தன் பீப்பாயிலிருந்து கொண்டுவந்த பெற்றோலை ஊற்றினார். தண்ணீர் இருந்தால் தோல் தடுத்து மேலே நிறுத்திவிடும். ஒரு சொட்டுக்கூட நிற்கவில்லை.

"பாருங்க தம்பி" என்றார்.

"அண்டைக்கு இருந்த பெற்றோல் வேற, இண்டைக்கு இருக்கிற பெற்றோல் வேற நானா" என்றார் லாபிர்.

 முனாப் தோலைப் பிழிந்து மடித்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் பிடிவாதத்துக்கு லாபிரின் கன்னத்தில் ஒன்று வைத்திருக்கலாம் என்று எனக்கு இப்போதும் தோன்றுகிறது.

அடுத்த மாசம் லாபிர் தலவாக்கலைக்குப் போய் சின்னராசாவைப் பிடித்தார். கார் வேலையில் பேர்போன ஆள்; வாயும் அப்படித்தான். காபரேட்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"மருந்து ஊத்துனீங்களா நானா? அழுக்கு இருந்தா அது கழுவும். இல்லாத அழுக்க எங்க போயி கழுவும்? பெற்றோலும் நல்லாத்தான் இருக்கு. வாங்க, ஒரு ஓட்டம் பாத்துருவோம்."

அவனே பக்கத்தில் ஏறிக்கொண்டான். ஏற்றத்தில் காதைச் சாய்த்து எஞ்சினைக் கேட்டான். உச்சி தாண்டி இறக்கம் தொடங்கியது. லாபிர் இரண்டாம் கியரில் பிடித்து, எஞ்சின் உறும உறும இறக்கினார். சின்னராசா ஒரு வளைவு பொறுத்தான், இரண்டு வளைவு பொறுத்தான்.

"நானா, எஞ்சின அணைக்கலியா?"

லாபிர் அடுத்த வளைவையும் இரண்டாம் கியரிலேயே இறக்கினார்.

"நீங்களா இப்புடி எறக்குறீங்க? எத்தன நாளா?"

காரை ஓரமாக நிறுத்தினார். எத்தனை நாளாக என்பது அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. டயகமவிலிருந்து திரும்பிய நாளுக்குப் பிறகு ஓர் இறக்கத்தில்கூட அவர் கை சாவிக்குப் போகவில்லை. அவர் நினைத்துச் செய்ததல்ல. கைக்குத் தெரிந்திருந்தது, அவருக்குத் தெரியவில்லை. கார் நின்றது பெற்றோலால் அல்ல என்பதைக் கை அன்றைக்கே ஒப்புக்கொண்டுவிட்டது.

"அப்ப கூடக் குடிக்காம என்ன செய்யும்" என்று சின்னராசா சொல்லிக்கொண்டிருந்தான். லாபிர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்திருந்தால் அந்த லொறி வழிவிட்டதும் ஏறிப் போயிருக்கலாம். ஆஸ்பத்திரி அங்கிருந்து பெரிய தூரமும் இல்லை. ஒரு மடக்குப் பெற்றோலுக்காக அவளைக் கொன்றுவிட்டோம் என்பதே அவர் மனதில் ஓடியது.

அன்றே முனாப் கடைக்குப் போய், நாலு பேர் நிற்கும்போதே சொன்னார். "பெற்றோல்ல தண்ணி இல்ல. நாந்தான் எஞ்சின அணைச்சேன். எல்லாருக்கும் சொல்லுங்க." முனாப் கல்லாவை விட்டு எழுந்திருக்கவில்லை. தேத்தண்ணீர் கொடுக்கச் சொன்னார். 

ஆனால் சொல்லவேண்டிய ஆள் டயகமவில் இருந்தான். லாபிர் அதற்குப் பிறகு மூன்று வாரம் தள்ளிப்போட்டார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் போனார். சிவசாமி லயத்துக்குப் பின்னால் தோட்டத்தில் கோவா நாற்று நட்டுக்கொண்டிருந்தான். லாபிர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அடிப்பான் என்று நினைத்தார். அடித்தால் நல்லது என்றும் நினைத்தார்.

சிவசாமி கையில் இருந்த நாற்றை நட்டு, மண்ணை அமுக்கிவிட்டு எழுந்தான்.

"நீங்க எஞ்சின அணைச்சது எனக்குத் தெரியும் நானா. சத்தம் நின்னு போச்சில்ல. இவ கண்ணத் தொறந்து, வந்துட்டமாங்கன்னு கேட்டா. நானும் ஆமா புள்ள, வந்துட்டோம்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல? அப்புடியே கண்ண மூடிட்டா. அந்தக் கொழுந்து லொறி குறுக்க வர்றதுக்கு முன்னாலயே போயிட்டா."

லாபிர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார்.

"அப்ப நான் மழையில சுத்திக்கிட்டு நிண்டேனே. ஏன் சொல்லல சிவசாமி?"

"சொன்னா நிப்பாட்டியிருப்பீங்க" என்றான் சிவசாமி. "அவளுக்காக ஒரு மனுசன் அம்புட்டுப் பாடுபட்டத நான் அதுக்கு முந்திப் பாத்ததில்ல. கொஞ்ச நேரம் நடக்கட்டும்னு இருந்துட்டேன்."

தேத்தண்ணீர் கொடுத்தான். குடித்துவிட்டு லாபிர் காரில் ஏறினார். அவர் மனம் லேசாயிற்று என்று நான் எழுதினால் அது பொய். கொன்ற பாரம் இறங்கிற்று. அதைவிடப் பெரிது ஒன்று ஏறிக்கொண்டது. தன் கை செய்த அந்த அமைதியை அவள் ஆஸ்பத்திரி வாசல் என்று நம்பியிருக்கிறாள்.

அதற்குப் பிறகு அறுபத்தைந்தில் காரை விற்கும்வரை அவர் எந்த இறக்கத்திலும் எஞ்சினை அணைக்கவில்லை. கார் குடிப்பதைக் குடித்தது, அவர் ஊற்றுவதை ஊற்றினார். மருந்துப் போத்தல் பக்கம் போகவில்லை. டவுன் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்போது மட்டும், பின் சீட்டில் ஆளே இல்லாத நாளிலும், வண்டியை ஓரம் கட்டுவார். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைப்பார். அந்த மூலையைத் திரும்பிப் பார்த்து, "வந்துட்டோம் புள்ள" என்று சொல்லிவிட்டு, இறங்கிப்போய்ப் பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார்.